வேட்டு தாங்கும் அட்டை

எனக்கு அந்த மெக்கானிக்கைப் பிடிக்காது. அவர் மேல் தப்பில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னவள் நான்தான். சொன்ன பிறகும் பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்காது. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வர நேர்ந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெற்றிலைக் கடைப் பக்கம் போய்விடுவார். நான் குடையைச் சாய்த்துக்கொள்வேன். அந்தக் கம்பெனி மேனேஜரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்கள் எல்லோருக்கும் நடுவில் என் மகன் இருக்கிறான். என்னோடு பேசாதவன் அவன்தான்.

மூன்று தீபாவளி கழிந்துவிட்டது. இன்னும் வகுப்பு நடக்கும்போது வெளியே எங்கேயாவது 'டப்' என்று கேட்டால் கரும்பலகையில் என் கை நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. டீச்சர் எழுதட்டும் என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

திருத்தங்கலில் மிஷன் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் விஞ்ஞானம் எடுக்கிறேன். கணவர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகன். அவனை டிரெயினிங் படிக்க வைத்து வாத்தியாராக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். இருபத்திரண்டு வயதில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேன் டிரைவராகச் சேர்ந்தான்.

அந்த வண்டியை வேன் என்று சொன்னது கம்பெனி மட்டும்தான். யுத்தத்துக்கு முன்னால் அமெரிக்காவில் செய்த பெட்ரோல் கார் அது. ஏதோ பெரிய வீட்டில் ஓடி ஓய்ந்த பிறகு, பின்பாதியை அறுத்துவிட்டுப் பலகையில் கூடு அடித்திருந்தார்கள். முன்னால் பார்த்தால் துரை வீட்டுக் கார், பின்னால் பார்த்தால் கோழிக்கூண்டு. ஆனைக்குட்டம் பாதையில் இருந்த ஆலையிலிருந்து பெட்டிகளை ஏற்றி சிவகாசி லாரி ஆபீசில் இறக்குவதுதான் அதன் வேலை.

ஆலைக்குள் இன்ஜின் ஓடக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. வண்டியை அங்கே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நாலு ஆள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு உள்ளே போவார்கள். லோடு ஏற்றியபின் அதேபோல் தள்ளி வெளியே கொண்டுவந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வாட்ச்மேன் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்ப்பார். ஆணி அடித்த செருப்பைக் கேட்டிலேயே கழற்ற வேண்டும். இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நான் மகனை அந்த வேலைக்கு விட்டேன்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வண்டி சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் எங்கள் வீட்டு முன்னாலிருந்து கிளம்பும்போது இருமுவதுபோல் இரண்டு தடவை குலுங்கும். அப்புறம் முன்பக்கத்திலிருந்து 'டப்' என்று ஒரு வெடி. சைலன்சர் பக்கமிருந்து வந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும். இது பானட்டுக்குள்ளிருந்து வந்தது.

எதிர்வீட்டு அம்மாள் வாசல் தெளித்துக்கொண்டே கேட்டாள். "என்ன டீச்சர், ஒங்க மகன் தெருவுக்குள்ளயே சாம்பிள் போட்டுப் பாக்கிறானோ? தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கே!"

நான் சிரிக்கவில்லை. மகனிடம் கேட்டேன்.

"பழைய வண்டிம்மா. அப்படித்தான் இருக்கும்."

"நேத்து வரைக்கும் இல்லையே?"

"நேத்தைக்கு இன்னைக்கு ஒரு நாள் பழசாயிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி, விருதுநகர் ரோட்டில் இருந்த மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனேன். அந்த வேன் அங்கே நின்றது. அவர் அதன் பானட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் குனிந்திருந்தார். என் மகன் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தானாம்.

"அண்ணாச்சி, இந்த வண்டி ஏன் வெடிக்குது?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. "இது கம்பெனி வண்டி. கம்பெனிக்காரக கேட்டா பதில் சொல்லலாம். நீங்க எதுக்கு வந்திருக்கீக?"

"இதை ஓட்டுறது என் மகன்."

"ஓட்டுறானா? ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க டீச்சர். வண்டி தெரிஞ்சவன் இப்படிப்பட்ட வண்டில சாவி போட மாட்டான்."

அந்த ஒரு பேச்சுக்கே நான் அவரை வெறுத்தேன். ஆனால் நகரவில்லை. விஞ்ஞானம் எடுக்கிறவள் என்றும், சொன்னால் எனக்குப் புரியும் என்றும், புரிந்துகொள்ளாமல் போகமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டு, "அப்படியா, அப்ப வாங்க. பாடம் கேளுங்க" என்றார். குரலில் முழுக்கக் கேலி. ஆனால் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இன்ஜினின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. நடுவில் கார்பரேட்டர் என்கிற சின்னச் செம்பு. அதில் பெட்ரோலும் காற்றும் கலக்கின்றன. அந்தக் கலவை குழாய்க்குள் போய், இரண்டு கையாகப் பிரிந்து, ஒரு கை இரண்டு சிலிண்டருக்கு என்று நாலுக்கும் பங்காகிறது. பங்கு வைக்கிற அந்தக் குழாய்க்கு இன்டேக் மேனிபோல்டு என்று பேர்.

"கலவையை உள்ளே தள்ளுறது எது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தள்ளல. பிஸ்டன் கீழ எறங்கும்போது உறிஞ்சுது. அம்புட்டுதான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. காற்றழுத்தப் பாடத்துக்கு நான் பப்பாளி இலைக் காம்பை வைத்துத்தான் சோதனை காட்டுவேன். காம்பை டம்ளர் தண்ணீரில் விட்டு உறிஞ்சினால் தண்ணீர் வாய்க்கு வரும். காம்பின் நடுவில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டுவிட்டு உறிஞ்சினால் காற்றுதான் வரும், தண்ணீர் ஏறாது. பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் சிரிப்பார்கள்.

"அப்படின்னா இந்தக் குழாயில் எங்கேயோ ஓட்டை இருக்கு" என்றேன்.

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். பாராட்டாக இல்லை, சந்தேகமாக. யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். அது தடுமாறித் தடுமாறி ஓடியது. ஆயில் கேனை எடுத்து, குழாயின் ஒரு கை இன்ஜினோடு சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெயை இரும்பு குடித்தது. வழியவே இல்லை, உள்ளே போயிற்று. எண்ணெய் ஓட்டையை அடைத்த அந்தச் சில நொடிகள் இன்ஜின் தடுமாற்றம் இல்லாமல் ஓடியது. அப்புறம் பழையபடி இருமல்.

"அந்தச் சேர்ப்புல இடுக்கு விடாம வச்சு முடுக்குற தகடு, பாக்கிங், அது போயிருச்சு" என்றார். "காத்து திருட்டுத்தனமா நுழையுது. காத்து கூடிப்போனா பெட்ரோல் மெதுவா எரியும். எரிஞ்சு முடியிறதுக்குள்ள அடுத்த உறிஞ்சலுக்கு வால்வு தெறந்துரும். தீ வந்த வழியே திரும்பி இந்தக் குழாய்க்குள்ள ஓடும். குழாய் பூராம் பெட்ரோல் ஆவி. டப்."

குழாய்க்கு நேர் கீழே இன்னொரு தடித்த குழாய் இருந்தது. எரிந்த புகை வெளியேறுகிற குழாய். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து முடுக்கியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். பெட்ரோல் முழுக்க ஆவியாகாமல் துளித்துளியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், காற்று வளைவில் திரும்புகிற மாதிரி துளி திரும்பாது, அதனால் ஒரு சிலிண்டருக்கு நிறையவும் ஒன்றுக்குக் குறையவும் போகும், கீழேயிருந்து சூடு காட்டினால் துளி ஆவியாகிவிடும் என்றார்.

"பெட்ரோலைச் சூடு பண்ணுறீங்களா?"

"ஆமா. வெந்நி போடுற மாதிரி. பயமா இருக்கோ?"

"வெடிமருந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துற வண்டிக்குப் பயப்படாமல்?"

சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: "செம்புத் தகட்டுக்குள்ள அஸ்பெஸ்டாஸ் வச்ச பாக்கிங். மதுரைல இருந்து வரணும். எட்டு நாளாகும். அது வர்ற வரைக்கும் வண்டி இங்கன நிக்கட்டும்னு மேனேஜர்ட்ட சொல்லியாச்சு. 'எட்டு நாள் நின்னா லோட ஒன் தலைல வச்சு அனுப்பவா'ன்னு கேக்கிறாரு."

"நீங்க வண்டியைக் கொடுக்காதீங்க."

"அவுக வண்டிய நான் பிடிச்சு வச்சா திருட்டுக் கேசு ஆயிரும்."

"அப்ப எல்லாம் தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருப்பீங்க?"

அவர் பானட்டை ஓங்கிச் சாத்தினார். "நீங்க ஒங்க மகனப் பிடிச்சு வையுங்க டீச்சர். அது ஒங்க வண்டிதான?"

அன்று சாயங்காலம் மகனைப் பிடித்து வைக்கத்தான் பார்த்தேன். எட்டு நாள் வேலைக்குப் போகாதே என்றேன். எட்டு நாள் போகாவிட்டால் ஒன்பதாவது நாள் ஸ்டியரிங்கில் வேறொருத்தன் உட்கார்ந்திருப்பான் என்றான். வேறொருத்தன் உட்காரட்டும் என்றேன். அந்த வேறொருத்தனுக்கு அம்மா இல்லையா என்று கேட்டான். பேச்சு தடித்தது. கோபத்தில் அவன் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டான்.

"ஒனக்கு என்னம்மா தெரியும்? சூடான வண்டிய மரத்தடியில ஆப் பண்ணுனா திரும்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா நின்னுருது. நான் ஆப் பண்ணாம உள்ள கொண்டுபோயி, ஆப் பண்ணாம வெளிய வர்றேன். இப்படி ஓட்ட எத்தன பேருக்குத் தெரியும்?"

"உள்ளேன்னா?"

அவன் எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுத்தான்.

"ஏலே, உள்ளேன்னா எங்கன? லோடு ஏத்துற இடத்துக்கா?"

"மேனேஜர்தான் சொன்னாரு. சீசன்ல தள்ளிக்கிட்டு நிக்க ஆளு இல்ல."

திங்கட்கிழமை மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி மகனிடம் கொடுக்காமல் தபாலில் போட்டேன். கேட் வழக்கத்தை மீறி வண்டியை ஓட்டவிட வேண்டாம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. மகனை ஆபீசுக்குக் கூப்பிட்டு, "ஒங்கம்மாவ நம்ம கேட்ல வாட்ச்மேனா போட்டுருவமா?" என்று கேட்டு நாலு பேர் முன்னால் சிரித்தாராம். மகன் அதை வந்து என்னிடம் கத்திக் கத்திச் சொன்னான்.

அந்த வாரம் முழுக்க அவன் போவதும் வருவதுமாக இருந்தான். காலையில் 'டப்' கேட்கும். சாயங்காலம் கேட்கும் வரை எனக்கு உயிர் இருக்காது. எந்தச் சத்தத்துக்கு நடுங்கினேனோ அதே சத்தம் தெருமுனையில் கேட்டால்தான் மகன் வந்துவிட்டான் என்று மூச்சுவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மகன் பின்கட்டிலிருந்து, "ம்மா, ஒரு கெட்டி அட்டை இருக்கா?" என்று கேட்டான். அந்தக் கடிதச் சண்டைக்கு அப்புறம் அவன் பேசிய முதல் வார்த்தை. அலமாரிக்குப் பின்னால் போன வருஷத்துக் காலண்டர் இருக்கும், எடுத்துக்கோ என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. எதற்கு என்று கேட்டால் மறுபடி சண்டையாகுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு கொட்டாங்குச்சியில் ஆலையிலிருந்து கொண்டுவந்த பசை வைத்திருந்தான். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள், லேசாக நீலம் ஓடியிருக்கும். அதுவும் என் கண்ணில் பட்டது. பெட்டிக்குப் பேர் எழுதி ஒட்டுகிறானோ, டிபன் தூக்குக்கு அடியில் வைக்கிறானோ என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் அட்டையும் பசையும் இருந்தால் எதையும் சரிசெய்துவிடுவோம். ஒழுகுகிற தகரத்துக்கு அட்டை, உடைந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அட்டை, ஆடுகிற மேசைக் காலுக்கு அட்டை. யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

திங்கட்கிழமை காலை வண்டி கிளம்பியது. 'டப்' இல்லை. இருமலும் இல்லை. நான் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன்.

"சரியாயிருச்சும்மா" என்றான். அவனே சிரித்தான்.

மதுரையிலிருந்து பாக்கிங் வந்துவிட்டது, மெக்கானிக் மாட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையும் சத்தம் இல்லை. அந்த ஆளைப் பற்றி இவ்வளவு மோசமாக நினைத்தோமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

புதன்கிழமை மதியம் ஏழாம் வகுப்பில் இருந்தபோது வாட்ச்மேனின் தம்பி சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றான். ஏறிவந்து சொல்லாமல் அங்கேயே நின்றான். அவன் நின்ற தோரணையைப் பார்த்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போனேன்.

நடந்ததை வாட்ச்மேன் வாயால்தான் பிறகு தெரிந்துகொண்டேன். லோடு ஏற்றும் ஷெட்டு முன்னால் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றிருக்கிறது. பெண்கள் தலையில் பெட்டியோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முதலில் இருமியது. அப்புறம் அந்தச் சத்தம். இந்தத் தடவை சத்தத்தோடு கார்பரேட்டர் வாயிலிருந்து தீ வெளியே வந்துவிட்டது. இன்ஜின் மேல் கசிந்திருந்த பெட்ரோலும் பற்றிக்கொண்டது. முன்னால் நின்ற பெண்ணுக்கும் தீக்கும் நடுவில் ஆறடி இருக்காது. என் மகன் குதித்து, பானட்டைத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டிருந்த சாக்கை எடுத்து அந்த வாய்க்குள் திணித்து அமுக்கிப் பிடித்திருக்கிறான். தீ அணையும்வரை பிடித்திருக்கிறான். அவனுடைய வலது உள்ளங்கை அந்தக் கீழ்க் குழாயில், புகைபோகிற குழாயில், ஒட்டிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. கையை எடுத்தபோது தோல் குழாயிலேயே இருந்ததாம்.

வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு பொறி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் கையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். மெக்கானிக் மாட்டிய பாக்கிங் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் காலை வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுவந்து பட்டறையில் போட்டிருந்தார்கள். மேனேஜர் வந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்க என் மகனையும் வரச் சொல்லியிருந்தார். நானும் கூடவே போனேன். ரோட்டில் நின்றுகொண்டு கத்தினேன். நாற்பத்தைந்து வயது வரை தெருவில் குரல் உயர்த்தாதவள். அண்ணாச்சி என்ற சொல் என் வாயிலிருந்து எப்போதோ விழுந்துபோயிருந்தது.

"பாடம் சொன்னீங்களே, இதுதானா உங்க வேலை? மூணு நாளுக்குத்தான் பாக்கிங் போடுவீங்களா?"

அவர் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். "எந்தப் பாக்கிங்? நான் தொடவே இல்லியே டீச்சர். மதுரைச் சரக்கு இன்னும் வரவே இல்ல."

"தொடாம எப்படிச் சரியாகும்? திங்கட்கிழமை என் மகன் சரியாயிருச்சுன்னு சொன்னான்!"

மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். "என்னய்யா, ஆள் சாகப் பாத்திருக்கு, தொடலைங்கிற? இனிமே நம்ம கம்பெனி வண்டி ஒண்ணும் இந்தப் பட்டறைக்கு வராது. மத்தவங்ககிட்டயும் சொல்லிருவேன். போலீஸ் கேட்டா ஒன் பேரத்தான் சொல்லுவேன்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. மெக்கானிக்கின் முகம் கறுத்தது. குனிந்து அந்தக் குழாயின் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். குழாயை அசைத்து எடுத்தார். சேர்ப்பில் ஒட்டியிருந்ததை உளியால் நெம்பி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அட்டை. ஓட்டையைச் சுற்றிக் கருகியிருந்தது. நீலம் ஓடிய பசை பொரிந்து பக்குப் பக்காக உதிர்ந்தது.

"பாருங்க. எவனோ அட்டைல வெட்டி ஒட்டியிருக்கான்" என்றார். "மருந்தச் சுத்தி ஒட்டுனா வேட்டே தாங்குற அட்டை காத்தத் தாங்காதான்னு நெனச்சிருக்கான். முட்டாப்பய. வேட்டுல அட்டை ஒரே ஒரு தடவ தாங்குனா போதும். இங்கன நிமிசத்துக்கு ஆயிரம் தடவ உறிஞ்சும். கீழ அடுப்பு வேற. பசை ரெண்டு நாள் நின்னதே பெருசு."

"காலண்டர் அட்டை மாதிரில்ல இருக்கு?" என்றார் மேனேஜர். பட்டறைச் சுவரைக் காட்டினார். அங்கே நாலைந்து காலண்டர் தொங்கியது. "ஒன் செவுத்துல இருந்துதான் வெட்டியிருக்க."

"இந்த ஊர்ல எவன் வீட்டுல காலண்டர் இல்ல?"

"எவன் வீட்டுலயும் இன்ஜின் கழட்டுறதில்லல்ல?"

யாரோ சிரித்தார்கள். நான் அந்த அட்டைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருகாத ஓரத்தில் தேதிக் கட்டங்கள் இருந்தன. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'நெம்பு' என்று எழுதியிருந்தது. மிச்ச எழுத்துகள் ஓட்டையோடு போய்விட்டன. எந்த வாரம் எந்தப் பாடம் என்று காலண்டர் ஓரத்தில் குறித்துவைப்பது என் பழக்கம். ஆறாம் வகுப்பு, நெம்புகோல். என் கையெழுத்து. 'நெ'யின் கொம்பை நான் போடுகிற மாதிரி யாரும் போடமாட்டார்கள்.

நிமிர்ந்து மகனைப் பார்த்தேன். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை மிக லேசாக ஆட்டினான். வேண்டாம் என்று.

அந்த இடத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுத வேண்டும். மெக்கானிக் பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லக் கூடாது என்ற கட்டளையும் நினைவுக்கு வரவில்லை. பிற்பாடு சபையில் இரண்டு பேர் என் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நான் வாயை மூடிக்கொண்டால், கை ஆறியதும் இந்த மேனேஜர் தீயணைத்த பையன் என்று இவன் முதுகில் தட்டி மறுபடி அதே வண்டியில் ஏற்றுவார். இவன் ஏறுவான். சீசனில் மறுபடி இன்ஜினை அணைக்காமல் உள்ளே போவான். வாயைத் திறந்தால் இன்றைக்கே துரத்துவார்கள்.

"அது என் வீட்டு அட்டை" என்றேன். "என் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை என் மகன் எடுத்துட்டுப் போனான். நான்தான் கொடுத்தேன்."

மேனேஜர் என் மகனிடம் திரும்பினார். "கை ஆறுனா கம்பெனிப் பக்கம் வந்துறாத. எந்தக் கம்பெனிப் பக்கமும் வந்துறாத. அத நான் பாத்துக்கிறேன்."

அந்த வார்த்தைக்காகத்தான் நான் பேசினேன்.

இன்ஜின் அணைக்காமல் உள்ளே கொண்டுபோகச் சொன்னது யார் என்றும் கேட்டேன். மேனேஜர் கேட்காததுபோல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கூட்டத்தில் ஒருவர்கூட அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

மெக்கானிக் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அட்டைத் துண்டை என் காலடியில் போட்டார். "இதக் கேட்டுட்டுக் கத்தியிருக்கலாம். கத்திட்டுக் கேக்கிறீக. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் பிள்ளைகள அடிப்பீகளோ?" என்றார். குனிந்து அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் மகன் என்னைவிட்டுத் தள்ளி, முன் சீட்டில் போய் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னான். "அந்த ஆளக் காப்பாத்திட்ட. என்ன வித்துட்ட." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதெல்லாம் உப்பு, தண்ணீர், சாவி.

அவன் சொன்னதில் பாதி தப்பு. நான் யாரையும் காப்பாற்றப் பேசவில்லை, அவனைத் தவிர. ஆனால் அதைச் சொன்னால் இன்னும் கோபப்படுவான் என்று சொல்லாமல் விட்டேன்.

இப்போது விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் மண்டியில் எடை போடுகிறான். தினமும் பஸ்ஸில் போய்வருகிறான். மிளகாய் நெடியில் கண் சிவந்து வருவான். அந்த வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த கை தராசு பிடிக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டானாம். உள்ளங்கையில் குழாயின் வளைவு அப்படியே தழும்பாக இருக்கிறது. விரலை முழுக்க மடக்க முடியாது. சோற்றுத் தட்டை நீட்டும்போது அதைப் பார்க்காமல் இருக்க நான் பழகிக்கொண்டேன்.

அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. மதுரைப் பாக்கிங் வந்து, அந்த மெக்கானிக்தான் மாட்டினார். வேறொருத்தன் ஓட்டுகிறான். சில நாள் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும். சத்தமே இருக்காது. ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு அதைக் கேட்டாலும் ஆத்திரமாக இருக்கும். அந்தப் பாக்கிங் வரும்வரை பொறுத்திருந்தால் போதும், அவ்வளவுதானே என்று.

போன மாதம் ஆனைக்குட்டத்தில் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் அந்த ஆலையின் கேட்டைக் கடந்தது. வேப்பமரத்தடியில் அந்த வேன். இன்ஜின் அணைத்திருந்தது. நாலு பேர் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். வாட்ச்மேன் ஓரமாக நின்று ஏலேலோ என்று கேலியாகப் பாட்டு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். பஸ் திரும்பும்வரை கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தேன்.

சாப்பிடும்போது மகனிடம் சொன்னேன். பதில் வராது என்று தெரிந்துதான் சொன்னேன். "வண்டியை இப்ப தள்ளித்தான் உள்ளே கொண்டுபோறாங்க. என் கண்ணால பாத்தேன்."

அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சீசன் வரட்டும்" என்றான். தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டான்.